முதலை லோகோ: பழைய மார்க்லினா, கையால் செய்த பித்தளையா?

கேள்வி, 9 ஜனவரி

"ஸ்விட்சர்லாந்தின் 'முதலை' மின்சார லோகோவின் மாடல் ஒன்று வாங்க நினைக்கிறேன். ஹெச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பல ஆயிரம் யூரோ விலையில் கையால் செய்த பித்தளை மாடல் ஒரு பக்கம். அதைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் ஜெர்மன் பொம்மை ரயில் நிறுவனமான மார்க்லினின் பழைய மாடல் இன்னொரு பக்கம். பித்தளைதான் நிஜத்துக்கு நெருக்கம், மார்க்லின் வெறும் பொம்மை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிஜ எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

9 ஜனவரி, இரவு

வெளித்தோற்றத்தில் பித்தளைதான், அதில் பேச்சே இல்லை. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் பதில் வேறு.

நிஜ முதலையில் இருந்தது ஒற்றைக்கட்ட மாறுமின்னோட்டத்தில் ஓடும் தொடர் மோட்டார். அதில் நிலைக்காந்தம் கிடையாது. வெளியே உள்ள புலச்சுருளிலும் உள்ளே சுழலும் ஆர்மேச்சரிலும் ஒரே மின்னோட்டம் வரிசையாகப் பாயும். சுழலும் சுருளுக்கு மின்சாரம் வாங்கித் தரும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் மேல் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் திசை மாறும்போது இரண்டு காந்தப்புலமும் சேர்ந்தே மாறுவதால் மோட்டார் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பழைய மார்க்லின் ஹெச்ஓ எஞ்சினுக்குள் இருப்பதும் இதே வகைதான். 16 வோல்ட் மாறுமின்னோட்டம், புலச்சுருள், கம்யூட்டேட்டர், பிரஷ். திசை மாற்ற வேண்டுமானால் ஒரு கணம் 24 வோல்ட் கொடுக்க வேண்டும். உள்ளே ஒரு ரிலே 'டக்' என்று விழுந்து இன்னொரு புலச்சுருளுக்கு மாற்றிவிடும்.

பித்தளை மாடலுக்குள் பொதுவாக இருப்பது நிலைக்காந்தம் வைத்த நேர்மின்னோட்ட மோட்டார். உயர்ந்த வகையில் ஆர்மேச்சருக்கு இரும்பு உள்ளகமே இருக்காது. அருமையான மோட்டார், எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். ஆனால் 1920-ல் ஆல்ப்ஸின் கோட்ஹார்ட் மலையேறிய எஞ்சினோடு மின்சார வகையில் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனவே "வெறும் பொம்மை" என்று தள்ளிவிடாதீர்கள். மோட்டார் அளவில் அதுதான் நேர் வாரிசு.

10 ஜனவரி

நிஜ எஞ்சினைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் மாடலை எங்கே பார்க்க வேண்டும் என்பது புரியும்.

கோட்ஹார்ட் பாதையில் ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு 26, 27 மீட்டர் வரை போகும். முதல் உலகப் போரில் வெளியிலிருந்து நிலக்கரி வருவது குறைந்து ஸ்விஸ் ரயில்வே திணறியது. மலையில் தண்ணீருக்குக் குறைவில்லை. ரிட்டோம், ஆம்ஸ்டேக் நீர்மின் நிலையங்களைக் கட்டி, 1920-ல் மலைப் பகுதியிலும் 1922-க்குள் லூசெர்னிலிருந்து கியாஸோ வரையிலும் கம்பி இழுத்துவிட்டார்கள். அந்தப் பாதையின் சரக்கு ரயில்களுக்காக வந்ததுதான் சிஇ 6/8, அதாவது நம் முதலை. இயந்திரப் பகுதி விண்டர்தூர் நகரின் எஸ்எல்எம் லோகோ ஆலை, மின்பகுதி ஓர்லிக்கான் நிறுவனம். இரண்டாம் வகையில் 1919 முதல் 1922 வரை 33 எஞ்சின்கள், மூன்றாம் வகையில் 1926-27ல் 18 எஞ்சின்கள். மொத்தம் 51.

பெயரில் உள்ள 6/8 என்பது எட்டு ஆக்சிலில் ஆறு இயங்குபவை என்று அர்த்தம். 'சி' வேக வகுப்பு, 'இ' மின்சாரம். பின்னாளில் சில எஞ்சின்களின் வேகத்தை 65-லிருந்து 75 கி.மீ.க்கு உயர்த்தியபோது அவை பிஇ 6/8 ஆகிவிட்டன. மாடல் பெட்டியில் 'பிஇ' என்று போட்டு, 1920-களின் பழுப்பு நிறம் அடித்திருந்தால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அந்த உயர்வு தொடங்கியதே 1940-களில்.

இப்போது அந்த உருவம். நடுவில் ஒரு பெட்டி, இருபுறமும் நீண்ட மூக்கு. அழகுக்காக யாரும் அப்படி வரையவில்லை. 15,000 வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மிகக் கனமானது, அதை நடுவில் வைத்தார்கள். ஓட்டுநர் அறைகளும் அங்கேதான். மூக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மோட்டார். அவை பல்சக்கரம் வழியாக, இடைத்தண்டான ஒரு ஜாக்‌ஷாஃப்டைச் சுழற்றும், அங்கிருந்து ராடுகள் சக்கரங்களுக்குப் போகும். 19.46 மீட்டர் நீளமுள்ள எஞ்சின் மலை வளைவில் திரும்ப வேண்டும் என்பதால் மூன்று துண்டும் தனித்தனியே மடங்கும்.

மாடலைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இந்த மடிப்பைத்தான். மூக்கும் நடுப்பெட்டியும் சந்திக்கும் இடத்தில் இடைவெளி எவ்வளவு, வளைவில் அது எப்படித் திறந்து மூடுகிறது என்பதில் செய்தவரின் தரம் தெரிந்துவிடும்.

10 ஜனவரி, சற்று நேரம் கழித்து

"ராடு வைத்தது நீராவி எஞ்சின் பழக்கத்தை விட முடியாமல்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. அந்தக் கால ஒற்றைக்கட்ட மோட்டார் போதுமான சக்தி தர வேண்டுமென்றால் உருவத்தில் பெரிதாக இருக்க வேண்டும். ஆக்சிலுக்கு ஒன்றாகச் சக்கரங்களுக்கு நடுவே அதைத் திணிக்க இடமில்லை. பெரிய மோட்டாரை மேலே சட்டத்தில் உட்கார வைத்து, ராடு வழியாகச் சக்தியைக் கீழே இறக்குவது அன்றைக்கு நியாயமான வழி. ஒரு லாபமும் இருந்தது. மூன்று ஆக்சிலும் ராடால் பிணைந்திருந்ததால் ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும் தனியாக வழுக்கிச் சுழல முடியாது. மலையேற்றத்தில் இது பெரிய விஷயம்.

13 ஜனவரி

அலைவெண் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளும்.

வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஸ்விஸ், ஜெர்மன், ஆஸ்திரிய ரயில்வேக்கள் 16⅔ ஹெர்ட்ஸ், அதாவது அதில் மூன்றில் ஒன்று. (1995 முதல் 16.7 என்று எழுதுகிறார்கள்.) ஏன் இந்த விநோத எண்? மேலே சொன்ன மோட்டார்தான் காரணம். புலச்சுருளின் காந்தப்புலம் ஏறி இறங்கும்போது, பிரஷ்ஷின் அடியில் குறுக்காகச் சேரும் ஆர்மேச்சர் சுற்றுகளில் டிரான்ஸ்ஃபார்மர்போல ஒரு மின்னழுத்தம் தூண்டப்படும். அலைவெண் கூடக்கூட அதுவும் கூடும். விளைவு, கம்யூட்டேட்டரில் தீப்பொறி. பெரிய மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் எரிந்து போகும். அலைவெண்ணைக் குறைத்தால் பிழைக்கும்.

இதை ஓர்லிக்கான் நிறுவனத்தார் தங்கள் செலவில் ஸேபாக்–வெட்டிங்கன் பாதையில் 1905 முதல் 1909 வரை சோதித்துப் பார்த்தார்கள். முதல் லோகோவுக்கு 'ஈவா' என்று பெயர். கம்பியில் வந்த 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உள்ளேயே சுழலும் மாற்றியால் நேர்மின்னோட்டமாக்கி ஓடியது. இரண்டாவது 'மரியானே', குறைந்த அலைவெண்ணில் நேரடியாக ஒற்றைக்கட்ட மோட்டார். அந்த மோட்டாரைத் தேற வைத்தவர் ஓர்லிக்கான் பொறியாளர் ஹான்ஸ் பேன்-எஷன்புர்க். முதலைக்கு இறக்கத்தில் பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும் வசதி இருந்ததும் அவர் வேலையின் தொடர்ச்சிதான்.

இனி மாடலுக்கு வாருங்கள். மார்க்லின் டிரான்ஸ்ஃபார்மர் வீட்டு 50 ஹெர்ட்ஸை அப்படியே தண்டவாளத்துக்குத் தருகிறது. நிஜத்தில் மோட்டாரைப் பொசுக்கியிருக்கும் அலைவெண், விரல் நுனி அளவு ஆர்மேச்சரை ஒன்றும் செய்வதில்லை. சுருள்களில் பாயும் காந்தப்புலம் அவ்வளவு சிறியது. 1905-ல் பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கல் அளவு சுருங்கியதும் தானாகவே மறைந்துவிடுகிறது. என் பழைய மார்க்லினின் பிரஷ் ஓரத்தில் நீலப் பொறி சின்னதாக மின்னுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரலாறு கண்முன் ஓடுகிறது.

14 ஜனவரி

உங்கள் மாடல் எந்த வகை என்று கண்டுபிடிக்க எண்ணைத் தேட வேண்டாம், ராடைப் பாருங்கள். முக்கோணச் சட்டம்போல் இருந்தால் இரண்டாம் வகை. ஜாக்‌ஷாஃப்டிலிருந்து நீளமான சாய்ந்த ராடு இறங்கினால் மூன்றாம் வகை.

17 ஜனவரி

ஓடும் வேகம் பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நிஜ முதலையின் இயக்கச் சக்கரம் 1,350 மி.மீ. விட்டம். 65 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு நாலேகால் சுற்று சுற்றும். ஹெச்ஓ மாடலில் சக்கரம் 15.5 மி.மீ. வேகத்தையும் 87-ல் வகுத்தால் நொடிக்கு சுமார் 21 செ.மீ. அந்த வேகத்தில் சின்னச் சக்கரம் எத்தனை சுற்று? அதே நாலேகால். இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் சுற்று எண்ணிக்கை மாறுவதே இல்லை.

ஆகவே ராடு உள்ள லோகோவில் வேகத்தை அளக்க வேறு எதுவும் வேண்டாம். ராடு மேலும் கீழும் போவதைக் கண்ணால் பின்தொடர முடிய வேண்டும். மங்கலான பட்டையாகத் தெரிந்தால் நீங்கள் நிஜத்தில் இல்லாத வேகத்தில் ஓட்டுகிறீர்கள். மலையேற்றத்தில் 35 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு இரண்டு சுற்றுக்குச் சற்று மேல். அவ்வளவு நிதானமாக ஓடவிட்டுப் பாருங்கள், அப்புறம் வேகமாக ஓட்ட மனசே வராது.

இங்கேதான் பித்தளை முந்துகிறது. 9-ம் தேதி நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். பழைய மார்க்லின் அந்த மெதுவான வேகத்தில் திக்கித் திக்கித்தான் போகும். இரும்பில்லா ஆர்மேச்சர் அதே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். மின்சார வம்சம் ஒன்றிடம், நடை இன்னொன்றிடம்.

18 ஜனவரி

எடை பற்றி. நிஜம் 128 டன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 87-ல் வகுத்தால் எடை 87-இன் மும்மடிக்குக் குறையும். அதாவது 194 கிராம். உலோக மாடல் எதுவும் இதைவிடக் கனம்தான். 1:45 அளவில் 1.4 கிலோ, 1:32 அளவில் 3.9 கிலோ வரும். பெரிய அளவில் ஓடுவது ஏன் வேறு மாதிரி தெரிகிறது என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி உருண்டு நிற்பதில். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் நிஜ எஞ்சின் ஒரு கி.மீ. உருண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உருளும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உராய்வு விகிதம் அதேதான் என்று வைத்தாலும் மாடல் 13 செ.மீ.யில் நின்றுவிடும். நியாயமாக அது 11.5 மீட்டர் உருள வேண்டும். சேமிப்பாகும் இயக்க ஆற்றலைப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். எடை 87-இன் மும்மடிக்கும், வேகத்தின் வர்க்கம் 87-இன் இருமடிக்கும் குறைவதால் மொத்தம் ஐம்மடி, சுமார் 500 கோடியில் ஒரு பங்கு.

அதனால்தான் நல்ல மாடல்களில் மோட்டார் தண்டில் கனமான பித்தளைச் சுழல்சக்கரம் வைக்கிறார்கள். வேகமாகச் சுழலும் இடத்தில் வைப்பதால் சின்னச் சக்கரமே கொஞ்சம் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. மாடலுக்குள் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் டிகோடரில் 'நிறுத்தத் தாமதம்' என்று ஒரு அமைப்பு இருக்கும், அதையும் கூட்டி வையுங்கள். 128 டன் என்ற உணர்வு இவை இரண்டும் சேர்ந்தால் வருகிறது.

22 ஜனவரி

"அமெரிக்காவின் ஜிஜி1 மின்சார லோகோ, முதலையை விட அழகு" என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. அதன் கதையும் சளைத்ததில்லை.

பென்சில்வேனியா ரயில்ரோடு 1934-ல் முதல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தது. 1943-க்குள் மொத்தம் 139. கம்பியில் 11,000 வோல்ட், 25 ஹெர்ட்ஸ். இங்கும் அலைவெண் குறைவு என்பதைக் கவனியுங்கள், காரணமும் அதே கம்யூட்டேட்டர்தான். ஆறு இயக்க ஆக்சில், ஆக்சிலுக்கு இரண்டாகப் பன்னிரண்டு மோட்டார், ஒவ்வொன்றும் 385 குதிரைசக்தி. முதலைக்கும் இதற்கும் நடுவே பதினைந்து வருடம்தான் இடைவெளி. அதற்குள் மோட்டார் சிறுத்து ஆக்சில் அருகே வந்துவிட்டது, ராடு போய்விட்டது.

ஓட்டுநர் அறை நடுவில் இருப்பதால் இதையும் முதலைக் குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். காரணம் வேறு. முன்முனையில் அறை இருந்த பி5ஏ எஞ்சின் ஒன்று கடவுப்பாதையில் லாரியில் மோதி, எஞ்சினில் இருந்தவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு அறையை உள்ளே தள்ளி முன்னால் ஒரு மூக்கைப் பாதுகாப்பாக வைத்தார்கள். முதலையின் மூக்கில் மோட்டார், ஜிஜி1-இன் மூக்கு ஆளைக் காக்க.

உருவத்தை முழுக்க ரேமண்ட் லோவி வரைந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அடிப்படை வடிவம் டொனால்ட் டோனருடையது. லோவி செய்தது அதைச் செதுக்கியது: ஆணி அடித்த தகட்டுக்குப் பதில் பற்றவைத்த வழுவழுப்பான உடல், கரும்பச்சை, ஐந்து தங்கக் கோடு. அதற்கு முன்னால் செய்த முதல் எஞ்சின் 4800-இன் உடல் முழுக்க ஆணித் தலைகள். 'ஓல்டு ரிவெட்ஸ்' என்றே பெயர். பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

1953 ஜனவரி 15 அன்று வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனில் 4876 எண் எஞ்சின் பிரேக் பிடிக்காமல் வந்து, நடைமேடையைத் தாண்டி, தரையை உடைத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் விழுந்தது. ஐந்து நாளில் ஐசன்ஹோவர் பதவியேற்பு. எஞ்சினை அப்படியே விட்டு மேலே தற்காலிகத் தரை போட்டு, பதவியேற்புக்கு வந்த கூட்டத்தைச் சமாளித்தார்கள். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, அல்டூனா பட்டறையில் மறுபடி சேர்த்து ஓடவும் விட்டார்கள். கடைசி ஜிஜி1 ஓய்வு பெற்றது 1983 அக்டோபரில்.

23 ஜனவரி

நேற்றையதன் தொடர்ச்சி. பித்தளை எல்லா லோகோவுக்கும் ஏற்றதில்லை என்பது என் எண்ணம்.

பித்தளை மாடலின் அடிப்படை, அமிலத்தால் அரித்தெடுத்த தட்டைத் தகடு. தட்டையான சுவர், கதவு, ஜன்னல் சட்டம், ஆணித் தலை வரிசை எல்லாம் அதில் ஊசிமுனைத் துல்லியத்தோடு வரும். முதலைக்கு இது கச்சிதம், நிஜமும் தகட்டை மடித்து ஆணி அடித்துச் செய்ததுதானே. ஜிஜி1-இன் மூக்கோ இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில் வளைகிறது. தட்டைத் தகட்டை அப்படி வளைக்க அச்சில் அழுத்த வேண்டும், பற்றவைத்த இடத்தைத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அந்த வழுவழுப்பு போய்விடும். அச்சில் வார்த்த உலோகமோ பிளாஸ்டிக்கோ இதைச் சிரமமில்லாமல் தருகிறது. அமெரிக்கப் பொம்மை ரயில் நிறுவனமான லயனல் 1947-ல், ஹெச்ஓவைவிடப் பெரிய ஓ அளவில் விட்ட ஜிஜி1 (எண் 2332) நீளத்தில் குட்டை, சக்கர அமைப்பும் எளிமைப்படுத்தியது. ஆனாலும் அந்த வார்ப்பில் மூக்கின் வளைவு இருக்கிறது. எனக்கு ஜிஜி1 பித்தளையில் வேண்டுமென்றால் 4800-ஐத்தான் கேட்பேன். ஆணித் தலை இருக்கும் இடத்தில்தான் அரித்த தகட்டுக்கு வேலை.

23 ஜனவரி, இரவு

பித்தளை வாங்கியவர்கள் இன்றே பெட்டியைத் திறந்து பஞ்சுநுரையைத் தொட்டுப் பாருங்கள். என்னிடம் உள்ள ஒரு மாடல் பல வருடம் பெட்டியிலேயே இருந்தது. செய்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். நுரை உருகிப் பிசினாகி, கூரையின் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மெதுவாகப் பிரித்தும் பெயிண்ட் ஒரு இடத்தில் உரிந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் மனசு கனக்கிறது. நுரைக்கும் மாடலுக்கும் நடுவே அமிலமில்லாத மெல்லிய தாள் வையுங்கள். நுரை நிறம் மாறியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கிரீஸும் அப்படித்தான். ஓடாமல் கிடந்தால் கெட்டியாகிவிடும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் மெல்லிய மோட்டார் சுருள் சூடாகிப் போகும். பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்த பிறகே ஓட்டுங்கள்.

வார்ப்பு மாடலுக்கு வேறு நோய். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் வருடக்கணக்கில் உள்ளுக்குள் அரித்து, உப்பி, வெடித்து, உதிர்ந்துவிடும். போருக்கு முந்தைய மாடல்களில் அதிகம். முதலில் மயிரிழை வெடிப்பாகத் தெரியும். மருந்து கிடையாது. மார்க்லின் ஹெச்ஓ முதலை சிசிஎஸ் 800 வந்தது 1947-ல். அந்தக் காலத்து மாடலை வாங்கும்போது சட்டத்தின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிடுங்கள்.

29 ஜனவரி

இந்தியாவில் ஓடிய முதலையைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை என்று ஒருவர் கேட்டார். பேச வேண்டியதுதான்.

ஜிஐபி (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேயின் இஎஃப்1, பிற்காலப் பெயர் டபிள்யூசிஜி1. மொத்தம் 41. முதல் பத்தை அதே விண்டர்தூர் எஸ்எல்எம் செய்தது, மீதியை இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்ட்ரி. மின்பகுதி மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ். 1928 வாக்கில் வந்தன. மும்பையிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் போர் காட், தால் காட் இரண்டுக்கும் இவைதான் சரக்கு எஞ்சின். போர் காட்டின் ஏற்றம் 37-க்கு ஒன்று, ஆயிரத்துக்கு 27. கோட்ஹார்ட்டும் கிட்டத்தட்ட அதே. ஒரே செங்குத்துக்கு ஒரே பட்டறை ஒரே வடிவத்தை அனுப்பியிருக்கிறது.

வேறுபாடும் உண்டு. இங்கே 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம், ஆகவே அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. முன்னால் வழிகாட்டிச் சக்கரம் இல்லை, ஆறு ஆக்சிலும் இயங்குபவை. ராடு, ஜாக்‌ஷாஃப்ட், மடங்கும் மூக்கு எல்லாம் உண்டு. ஓட்டியவர்கள் 'கேக்டா', நண்டு, என்று அழைத்தார்கள். ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பெயர் 'சர் லெஸ்லி வில்சன்'.

இதை ஹெச்ஓ அளவில் செய்ய நினைப்பவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ல் வகுத்தால் 19.3 மி.மீ. கிடைக்கும் தண்டவாளமோ 16.5. அதில் வைத்தால் ராடுகள் உடலுக்குள் ஒடுங்கி, எஞ்சின் தன் அகலத்துக்குப் பொருந்தாத கால்களில் நிற்கும். ராடு வெளியே தெரியும் லோகோவில் இதை மறைக்கவே முடியாது. சொந்தமாக 19.3-ல் பாதை போடும் பொறுமை இருந்தால் மட்டும் இறங்குங்கள். யாராவது இறங்கினால் இங்கே படம் போடுங்கள், உண்மையிலேயே பார்க்க ஆசைப்படுகிறேன்.

2 பிப்ரவரி

வளைவு பற்றி இரண்டு பேர் கேட்டதால் சேர்த்து எழுதுகிறேன். கோட்ஹார்ட்டில் மிகக் குறுகிய வளைவின் ஆரம் சுமார் 280 மீட்டர். ஹெச்ஓவில் அது 3.2 மீட்டர். மார்க்லினின் வழக்கமான குறுகிய வளைவு 36 செ.மீ. நிஜத்தில் 31 மீட்டர் ஆரம், எந்தப் பெரிய லோகோவும் திரும்ப முடியாதது. மார்க்லின் முதலை அதிலும் திரும்புகிறது என்றால், மடிப்புகளை நிஜத்தைவிட மிக அதிகமாகத் திறக்கும்படி செய்திருக்கிறார்கள் என்று பொருள். அதனால்தான் மூக்கும் பெட்டியும் சந்திக்கும் இடம் அதில் தளர்வாகத் தெரிகிறது. பித்தளையில் அந்த இடைவெளி நெருக்கம், எனவே பெரிய வளைவு கேட்கும். வாங்கும் முன் குறைந்தபட்ச ஆரம் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேஜை சிறியது என்றால் விலையுயர்ந்த மாடல் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கும்.

சக்கர விளிம்பும் இப்படித்தான். நிஜத்தில் 3 செ.மீ.க்கும் குறைவு, ஹெச்ஓவில் 0.3 மி.மீ. வர வேண்டும். நெம் என்ற ஐரோப்பிய மாடல் ரயில் தரம் 1.2 மி.மீ. வரை விடுகிறது. மேலே போகும் கம்பி நிஜத்தில் 12 மி.மீ. தடிமன். மாடலில் அரை மில்லிமீட்டர் கம்பி போட்டாலும் நிஜக் கணக்கில் 4 செ.மீ.க்கு மேல். மெலிதாகப் போட்டால், கூரையிலிருந்து கம்பியைத் தொடும் பேண்டோகிராஃப் தூக்கி அறுத்துவிடும். நான் பேண்டோகிராஃபைக் கம்பிக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்திவிட்டு, மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து எடுக்கிறேன்.

3 பிப்ரவரி

சத்தம். ஆஸ்திரியாவின் டாரஸ் லோகோ கிளம்பும்போது இசைக்கோவைபோல் படிப்படியாக ஏறும் ஒலியைப் பலர் கேட்டிருப்பீர்கள். உள்ளே உள்ள இன்வெர்ட்டர் நேர்மின்னோட்டத்தை வெட்டி வெட்டி மும்முனை மின்சாரமாக்குகிறது. வெட்டும் அலைவெண் கட்டம் கட்டமாக உயர்வதுதான் மோட்டாரில் ஸ்வரமாகக் கேட்கிறது. மாடலில் அது பதிவுசெய்த ஒலி, சின்ன ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. உள்ளே உள்ள மோட்டாருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிரஷ் இல்லாத மும்முனை மோட்டார் பெரிய லோகோவில் 1979-ல் ஜெர்மனியின் 120 வகையோடு நிலைபெற்றது. மார்க்லின் 2000-ஐ ஒட்டி சி-சைன் என்று பிரஷ் இல்லாத, மின்னணுவியல் ஓட்டும் மோட்டாரைக் கொண்டுவந்தது. நவீன லோகோ மாடலில் அது இருந்தால் மோட்டாரும் தன் காலத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அதையே முதலைக்குள் வைத்தால் எண்பது வருடம் பிந்திய மோட்டார்.

சிறு அளவில் பதிவொலி எனக்கு ஒப்பவில்லை. அந்த அளவு ஸ்பீக்கரால் 128 டன்னின் அடிக்குரலைத் தர முடியாது. 1:32-ல் கேட்டுப் பாருங்கள், பெட்டிக்குள் காற்றுக்கு இடம் இருப்பதால் ராடின் தட்டும் பல்சக்கரத்தின் உறுமலும் நெஞ்சில் விழுகிறது.

5 பிப்ரவரி

விளக்கு பற்றிக் கேட்டவருக்கு: ஸ்விஸ் முறைப்படி முன்னால் மூன்று வெள்ளை, பின்னால் ஒரே ஒரு வெள்ளை. பின்னால் இரண்டு சிவப்பு எரிந்தால் அது வேறு நாட்டு லோகோவுக்கான சர்க்யூட் பலகை. டிகோடர் மாற்றும்போது வயரைப் பார்த்து இணையுங்கள்.